‘கல்லு வெச்சியா கண்ணு?’

ஜீப் தானாகப் பின்னால் நகர்ந்தபோது அதற்குள் இருந்தது அந்த அம்மா ஒருவர்தான். வயது 83.

செஞ்சிக்கு வெளியே, பக்கமலை அடிவாரத்தில் அவர்களுக்குக் கொஞ்சம் மல்லாட்டைக் கொல்லை இருக்கிறது. அதற்குப் போகும் பாதை ஏரிக்கரை மேலே ஏறி இறங்கும். மேட்டின் பாதியில் ஒரு படல். மகன் ஜீப்பை அங்கே நிறுத்தினார், ஹேண்ட் பிரேக்கை முழுசாக இழுத்தார், கியரையும் போட்டார். இறங்கிப் படலைத் திறக்கப் போனார். கயிற்று முடிச்சை அவிழ்ப்பதற்குள் பின்னால் சரளைக் கல் நொறுங்கும் சத்தம். திரும்பிப் பார்த்தால் வண்டி போய்க்கொண்டிருக்கிறது. அவர் ஓடினார். ஓடி என்ன செய்ய முடியும்? பத்துப் பன்னிரண்டு அடி உருண்ட வண்டி, வெட்டிப்போட்ட பனைமரத்தின் அடிக்கட்டையில் பின் சக்கரம் முட்டி நின்றது. அந்தக் கட்டைக்கு அப்பால் ஏரி.

அம்மா கத்தவில்லை. முன் சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மகன் முகம் வெளுத்து வந்து கதவைத் திறந்ததும் ஒரே கேள்விதான் கேட்டார். “கல்லு வெச்சியா கண்ணு?”

கட்டை வண்டிக் காலத்து மனுஷி. அவருடைய வீட்டுக்காரர் பாரம் இறக்கும்போது மாட்டை அவிழ்ப்பதற்கு முன்பே சக்கரத்துக்கு அடியில் கல் வைத்துவிடுவார். சமதரையாக இருந்தாலும் வைப்பார். மகன் 30 வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஊரே ‘சார்’ என்று கூப்பிடும். ஹேண்ட் பிரேக் இருக்கும்போது கல் எதற்கு என்பது அவருடைய கட்சி.

அன்றைக்கு நடந்து வீடு வந்தவர்தான் அம்மா, அதன் பிறகு அந்த ஜீப்பில் ஏறவில்லை. வாரம் ஒருமுறை கொல்லையைப் பார்த்துவிட்டு வருவது மட்டுமே அவருக்கு இருந்த ஒரே வெளியூர்ப் பயணம். அதுவும் நின்றது. ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. “முட்டி வலிக்குது” என்பார். மல்லாட்டை பிடுங்க இன்னும் ஒரு மாசம்தான் இருந்தது.

அந்த ஜீப் ஒரு மஹிந்திரா தார். இப்போது ஓடும் புது மாடல் இல்லை, 2010-இல் வந்த பழைய மாடல். பின்பக்கம் பட்டை ஸ்பிரிங் போட்டது. பெங்களூரில் ஒரு பையன் ஆசை ஆசையாக வைத்திருந்து விற்றது. விற்பதற்கு முன்பே அதைத் தூக்கிக் கட்டியிருந்தான். பட்டையை மாற்றி, நீளமான ஷாக் அப்சார்பர் போட்டு, பெரிய டயர் மாட்டி 2 அங்குலம் உயர்த்தியிருந்தான். பாறைப் பாதையில் அடி தட்டாமல் போகும் என்று சொன்னதும் சார் மயங்கிவிட்டார். அது உண்மையும்கூட. அடி தட்டவே இல்லை.

இப்படித் தூக்கிக் கட்டிய வண்டிகளை இப்போது செஞ்சியில் அடிக்கடி பார்க்கலாம். திருவண்ணாமலைச் சாலை ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே புகுந்து போகும் இடத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில் வரிசையாக நிற்கும். 2025 ஜூலையில் மராட்டியர் காலத்துக் கோட்டைகள் 12-ஐ யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் 11 மகாராஷ்டிரத்தில் இருக்க, மிச்சம் ஒன்று செஞ்சி. அந்தச் செய்திக்குப் பிறகு வெளியூர் எண் போட்ட வண்டிகள் நிறையவே வருகின்றன. கழுத்து உயரத்துக்கு டயர் வைத்த வண்டிகளைப் பிள்ளைகள் சுற்றிச் சுற்றிப் பார்க்கும். டயரைப் பார்ப்பார்கள், விளக்கைப் பார்ப்பார்கள். அடியில் படுத்து ஹேண்ட் பிரேக் கேபிளைப் பார்ப்பவர் யாரும் இல்லை. வாங்கும்போது சாரும் பார்க்கவில்லை.

(உயர்த்துவது சட்டப்படி சரியா என்றால், அது தனிக் கதை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் ஆர்.சி. புத்தகத்தோடு இதையும் யோசிப்பது நல்லது.)

அன்று வண்டி உருண்டதற்குக் காரணம் ஒன்றல்ல, இரண்டு. முதல் காரணத்தை அன்று ராத்திரியே சார் கண்டுபிடித்துவிட்டார். பாறைப் பாதைக்காக நாலு சக்கர இழுவையில், சின்ன கியரில் வந்திருக்கிறார். மேட்டில் நிறுத்தும்போது அந்தக் குட்டி லிவரைப் பழைய நிலைக்குத் தள்ளியவர், பாதியிலேயே விட்டுவிட்டார். அது நியூட்ரலில் நின்றுவிட்டது. டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருந்தால் மெயின் கியரை எதில் போட்டு என்ன? இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இல்லை. ஆக, அந்த நிமிஷம் வண்டியையும் அம்மாவையும் பிடித்துக்கொண்டிருந்தது ஹேண்ட் பிரேக் ஒன்றுதான். அது பிடிக்கவில்லை.

அதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார். ஏரிக்கரை மேட்டில் பலகையும் ரசமட்டமும் வைத்து அளந்தார். 6 அடி போனால் 1 அடி ஏற்றம். கார்களுக்கான ஐ.நா. பிரேக் விதியில், பாரம் ஏற்றிய வண்டியை 20 சதவீத ஏற்றத்தில் பார்க்கிங் பிரேக் பிடித்து நிறுத்த வேண்டும் என்று இருக்கிறது. 5 அடிக்கு 1 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒரு சரிவில் ஆளும் மூட்டையுமாக 2,000 கிலோ வண்டி நின்றால், கிட்டத்தட்ட 390 கிலோ விசை அதைக் கீழே இழுக்கும். அதைத் தாங்க வேண்டியது சுண்டு விரல் தடிமன்கூட இல்லாத இரண்டு கேபிள். அவரே போட்ட கணக்குதான். அதைப் பார்த்துவிட்டு அவருக்கு அன்று தூக்கம் வரவில்லை என்று வீட்டில் சொன்னார்கள்.

மறுநாள் வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். பின் சக்கரத்துக்குப் போகும் கேபிள் வீணைத் தந்தி போல விறைத்திருந்தது. சரி, வண்டி 2 அங்குலம் உயர்ந்தது, கேபிள் நீளம் போதவில்லை, அதனால் 2 அங்குலம் நீளமான கேபிள் வேண்டும். கணக்கு வாத்தியாருக்கு இது நேர்க்கோட்டுச் சமன்பாடு. ஆன்லைனில் தேடி ‘உயர்த்திய வண்டிகளுக்கானது’ என்று எழுதியிருந்த ஒன்றை வாங்கினார். அதை எடுத்துக்கொண்டு டவுனில் இருக்கும் மெக்கானிக்கிடம் போனார்.

அந்த மெக்கானிக்கை எல்லோரும் ‘பாய்’ என்றுதான் கூப்பிடுவார்கள். டிராக்டர், லோடு ஆட்டோ, ஜீப் என்று எது வந்தாலும் பார்ப்பார். புது கேபிளை வாங்கி, பழைய கேபிளுக்குப் பக்கத்தில் தரையில் நீட்டி வைத்தார். ஒரு நிமிஷம் பேசவில்லை.

“சார், இது நீளமான கேபிள் இல்ல. தொளதொள கேபிள்.”

சாருக்குப் புரியவில்லை. பாய் விளக்கினார். சைக்கிள் பிரேக் ஒயர் மாதிரிதான் இதுவும். வெளியே ஒரு உறை, அதுதான் அவுட்டர். உள்ளே ஓடும் கம்பி இன்னர். அவுட்டரின் ஒரு முனை சேஸிஸில் ஒரு பிராக்கெட்டில் மாட்டியிருக்கும், மறு முனை டிரம்முக்குப் பின்னால் இருக்கும் தகட்டில். உள்ளே இருக்கும் இன்னர் இந்த இரண்டு முனைக்கும் வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். வெளியே தெரியும் அந்தத் துண்டின் நீளம் மாறவே கூடாது. லிவரை இழுக்கும்போது பிரேக் ஷூ எத்தனை தூரம் விரியும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. வண்டி உயர்ந்தால் அவுட்டரும் இன்னரும் சேர்ந்து, ஒரே அளவு நீள வேண்டும். வந்திருந்த கேபிளிலோ அவுட்டர் பழைய நீளமே. இன்னர் மட்டும் 2 அங்குலம் அதிகம். அதை மாட்டியிருந்தால் லிவரைக் காதுவரை இழுத்தாலும் டிரம்மில் ஷூ பிடித்திருக்காது. விறைப்பும் குறைந்திருக்காது.

“நல்லவேளை மாட்டல” என்றார் சார்.

“மாட்டியிருந்தா மறுபடியும் ஏரிக்குத்தான் போயிருக்கும் வண்டி” என்றார் பாய். அவருக்கு இதமாகப் பேச வராது.

அதற்குப் பிறகு பாய் செய்ததுதான் சாருக்கு ஆச்சரியம். கேபிளைத் தொடவே இல்லை. முதலில் பின் டிரம் இரண்டையும் கழற்றினார். லைனிங் கண்ணாடி மாதிரி பளபளத்துக்கிடந்தது. விரலால் தடவிக் காட்டினார். சொரசொரப்பு இல்லை. சக்கரம் ஒவ்வொரு பள்ளத்திலும் கீழே தொங்கும்போது கேபிள் எட்டாமல் இழுபட்டிருக்கிறது. அந்த இழுப்பில் அவுட்டரின் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து நீண்டுபோயிருக்கிறது. உறை நீண்டால் உள்ளே இருக்கும் கம்பி குட்டையானதாகத்தானே அர்த்தம்? அதனால் ஹேண்ட் பிரேக் போடாமலே ஷூ லேசாக உரசிக்கொண்டே ஓடியிருக்கிறது. உரசி உரசிச் சூடாகி, லைனிங் மேல்பரப்பு மெருகேறிவிட்டது. எப்போதும் லேசாகப் பிடித்துக்கொண்டே இருந்த பிரேக், நிஜமாகவே பிடிக்க வேண்டிய நாளில் வழுக்கியது.

டிரம் முனையில், தகட்டுக்கு அருகே கேபிள் மடங்கும் இடத்தில் இன்னரின் இழைகள் நாலைந்து அறுந்து முள் மாதிரி நின்றன. மிச்சம் இருந்த இழைகளில்தான் அம்மா உட்கார்ந்திருந்தார்.

புது ஷூ போட்டு, டிரம்மைச் சுத்தம் செய்து, ஷூவை டிரம்முக்குப் பக்கத்தில் கொண்டுவந்து செட் செய்தார் பாய். டிரம்முக்குள் இடைவெளி அதிகம் இருந்தால் எந்த கேபிளைப் போட்டாலும் பாதி இழுப்பு அதிலேயே போய்விடும். நிறைய பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். லிவர் உயரமாக வருகிறது என்றால் நட்டைத் திருகி கேபிளை முறுக்குவது. ஒரு மாசம் நன்றாக இருக்கும். அப்புறம் பழையபடி.

பிறகுதான் அளவெடுப்பு. சார் டேப்போடு வண்டிக்கு அடியில் போகப் பார்த்தார். பாய் தடுத்தார். “நிக்கிற வண்டிய அளந்து பிரயோஜனம் இல்ல சார். தொங்குற வண்டிய அளக்கணும்.”

பின் சேஸிஸுக்கு ஜாக்கி கொடுத்துத் தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்டாண்டு வைத்தார். (வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகிறவர்களை பாய் கடைக்குள்ளேயே சேர்க்க மாட்டார்.) முன் சக்கரத்துக்குக் கட்டை. பின் சக்கரம் இரண்டும் அந்தரத்தில் தொங்கின. ஷாக் அப்சார்பர் எவ்வளவு நீளுமோ அவ்வளவு நீண்டு நின்றது. சக்கரம் அதற்குக் கீழே போகவே போகாது. கேபிள் எட்ட வேண்டியது இந்த இடத்துக்கு. ஒரு சணல் கயிற்றை எடுத்து, பிராக்கெட்டில் தொடங்கி, கேபிள் போக வேண்டிய வழியிலேயே வளைத்து, டிரம் தகடு வரைக்கும் கொண்டுபோய் முடிச்சுப் போட்டார். இடது பக்கத்துக்கு ஒரு கயிறு, வலது பக்கத்துக்கு ஒரு கயிறு. இரண்டும் ஒரே நீளம் இருக்கும் என்று நினைப்பது தப்பு.

சாருக்கு இங்கேதான் தன் சமன்பாடு எப்படி உடைந்தது என்று புரிந்தது. கேபிள் மேலிருந்து கீழே செங்குத்தாகத் தொங்கவில்லை. முன்னாலிருந்து பின்னால் ஓடுகிறது. வண்டி 2 அங்குலம் உயர்ந்தால் கேபிளும் 2 அங்குலம் நீள வேண்டும் என்பது செங்குத்துக் கயிற்றுக்குத்தான் பொருந்தும். இது செங்கோண முக்கோணத்தின் கர்ணம். 30 வருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்ட பித்தாகரஸ்! கடைச் சுவரிலேயே சாக்பீஸால் எழுதினார். பிராக்கெட்டுக்கும் டிரம்முக்கும் கிடைத்தூரம் 60 சென்டிமீட்டர், இறக்கம் 10 என்று வைத்தால் கர்ணம் 60.8. வண்டியை 5 சென்டிமீட்டர் தூக்கினால், அதாவது 2 அங்குலம், இறக்கம் 15 ஆகும். கர்ணம் 61.8. ஒரே ஒரு சென்டிமீட்டர்தான் வித்தியாசம்! ஆனால் நீளமான ஷாக் போட்டு, சக்கரம் 25 வரைக்கும் தொங்கினால்? 65. நாலு சென்டிமீட்டருக்கு மேல் வேண்டும். தூக்கியது குற்றம் இல்லை, தொங்கவிட்டதுதான் கேபிளைக் கொன்றது.

பாய் சுவரைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். “அதான் கயிறு சொல்லிடுச்சே சார்.”

அப்படியானால் இன்னும் நாலு அங்குலம் தாராளமாகவே போட்டுவிட்டால் என்ன என்று சார் கேட்டார். நியாயமான கேள்வி. முரட்டுக் காளையைப் பிடிக்கிறவர்கள் கயிற்றைக் கையில் மட்டும் வைத்துக்கொண்டு இழுக்க மாட்டார்கள், பனைமரத்தில் ஒரு சுற்று சுற்றிவிடுவார்கள். ஒரே சுற்றில் காளை நின்றுவிடும். ஏனென்றால் வளைவில் உராய்வு இழுப்பைத் தின்றுவிடுகிறது. கேபிளும் அப்படித்தான். நீளம் அதிகமானால் தொங்கும், வளையும், எஸ் மாதிரி நெளியும். கேபிளுக்குள் உராய்வுக் குணகம் 0.1 என்று வைத்தாலும், வளைவுகள் எல்லாம் சேர்ந்து 180 டிகிரி ஆனால், கை இழுத்த இழுப்பில் கால்வாசிக்கு மேல் டிரம்முக்குப் போகும் வழியிலேயே தொலைந்துவிடும். அது போக, தொங்கும் கேபிள் புதரில் மாட்டும், சைலன்சரில் பட்டு உறை உருகும், டயரில் உரசும். கயிறு சொன்ன அளவுக்கு மேல் ஒரு அங்குலம். அதற்கு மேல் பாய் ஒத்துக்கொள்ளவில்லை.

உயர்த்தியது கொஞ்சமாக இருந்தால் இத்தனை பாடு வேண்டாம் என்றும் சொன்னார். சேஸிஸில் கேபிளைப் பிடிக்கும் பிராக்கெட்டைக் கொஞ்சம் கீழே, கொஞ்சம் பின்னால் தள்ளி மாட்டினால் கம்பெனி கேபிளே எட்டிவிடும். முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும், செலவும் குறைவு. இந்த வண்டியில் அதற்கு இடம் தாண்டிவிட்டது.

பேச்சு பழைய ஜீப்புக்குப் போனது. வில்லீஸ் ஜீப்பில் இந்தத் தொல்லையே இல்லை என்றார் பாய். அதில் ஹேண்ட் பிரேக் டிரம் சக்கரத்தில் இருக்காது. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கம், கூட்டுத் தண்டு புறப்படும் இடத்தில் இருக்கும். அது சேஸிஸோடு இருக்கிற பொருள். சக்கரம் எவ்வளவு தொங்கினாலும் அதற்குக் கவலை இல்லை. “அப்ப அதையே போட்டிருக்கலாமே” என்றார் சார். அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கினால் போதும், டிஃபரன்ஷியல் வழியாக மற்ற சக்கரம் உருண்டுவிடும். பிரேக் போட்டபடியே வண்டி நகரும். அந்தக் காலத்து டிரைவர்கள் டயர் மாற்றும்போது மறக்காமல் கல் வைத்ததில் அர்த்தம் இருக்கிறது.

கேபிள் செய்து வாங்க சார் சென்னைக்குப் போனார். ஜெனரல் பேட்டர்ஸ் சாலை முழுக்க வண்டிச் சாமான் கடைகள். அளவு கொடுத்தால் செய்து தரும் கடையைத் தேடி, பழைய கேபிள் இரண்டையும், முடிச்சுப் போட்ட கயிறு இரண்டையும் மேஜை மேல் வைத்தார். பாய் எழுதிக் கொடுத்த சீட்டில் மூன்றே விஷயம். அவுட்டர் இந்தக் கயிற்று நீளம். வெளியே தெரியும் இன்னர், பழைய கேபிளில் இருப்பது போலவே, ஒரு மில்லிமீட்டர் மாறக் கூடாது. முனையில் இருக்கும் குண்டும் கிளிப் மாட்டும் பள்ளமும் பழையதைப் போலவே. கடைக்காரர் கயிற்றைப் பார்த்துச் சிரித்தாராம். “நிறைய பேர் போட்டோதான் காட்டுவாங்க சார். அளவோட வர்றவங்க கம்மி.”

ஊர் திரும்பி மாட்டியதும், மறுபடியும் வண்டியைத் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். கேபிளில் லேசான தொய்வு இருந்தது. ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் மேலே தள்ளி, இன்னொன்றைத் தொங்கவிட்டார்கள், பாறை மேல் ஏறுவது போல. எங்கும் உரசவில்லை. லிவர் ஆறாவது ‘கிளிக்’கில் நின்றது. விட்டதும் சக்கரம் கையால் சுற்றினாலே சுழன்றது. உரசல் இல்லை.

கடைசிச் சோதனை அதே ஏரிக்கரை மேட்டில். வண்டியில் ஆறு மூட்டை மணல். சக்கரத்துக்கு நாலடி பின்னால் தென்னங்கட்டை போட்டு வைத்தார்கள், ஒருவேளைக்கு. கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் மட்டும். பாய் கால் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். வண்டி ஒரு தடவை முனகி உட்கார்ந்தது. பத்து நிமிஷம் பீடி குடித்துக்கொண்டு நின்றார். அப்புறம் வண்டியைத் திருப்பி, மூக்கு கீழே இருக்கும்படி நிறுத்தி இன்னொரு பத்து நிமிஷம். பின் பிரேக் இறக்கத்தில் ஒரு மாதிரியும் ஏற்றத்தில் ஒரு மாதிரியும் பிடிக்கலாம், இரண்டையும் பார்க்க வேண்டும் என்பது அவர் வழக்கம். இந்தப் பெரிய டயருக்கு இன்னும் கொஞ்சம் பிடித்தால் நல்லது என்று முணுமுணுத்தார். டயர் ஆரம் கூடினால் அதே சரிவில் பிரேக்குக்கு வேலையும் கூடும். அதைச் சரிசெய்ய பழைய அளவு டயருக்குப் போக வேண்டும். சார் பதில் சொல்லவில்லை. அந்த டயர் மேல் அவருக்கு இன்னும் ஆசை இருக்கிறது.

மல்லாட்டை பிடுங்கும் நாள் வந்தது. காலையில் ஜீப்பை வாசலில் நிறுத்திவிட்டு சார் உள்ளே போனார். அம்மா புடவை மாற்றி, வெற்றிலைப் பையோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை. சார் கேபிள் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். கர்ணம், அவுட்டர், இன்னர், ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. அம்மா பாதியில் எழுந்து நடந்துபோய் வண்டியில் ஏறிக்கொண்டார்.

படல் வந்தது. மேட்டில் நிறுத்தினார். குட்டி லிவரை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தார். ஹேண்ட் பிரேக், ஆறு கிளிக். முதல் கியர். இறங்கப் போனவரைக் கை நீட்டித் தடுத்தார் அம்மா. காலடியில் இருந்து ஒரு கல்லை எடுத்து நீட்டினார். வீட்டுக் கொல்லையில் துணி துவைக்கும் இடத்தில் கிடந்த, முக்கோணக் கருங்கல். எப்போது வண்டிக்குள் வைத்தார் என்று தெரியவில்லை.

சார் வாங்கிக்கொண்டுபோய்ப் பின் சக்கரத்துக்கு அடியில் வைத்தார்.

பாயிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. “வைங்க சார். அது புது கேபிள். கல்லுக்கு லைனிங்கும் தேயாது, இழையும் அறாது” என்றார். ஆறு மாசத்துக்கு ஒரு முறை டிரம் முனையில் கேபிள் மடங்கும் இடத்தைப் பார்த்துக்கொள்ளும்படி மட்டும் சொல்லி அனுப்பினார்.

கல் இப்போது ஜீப்பிலேயே இருக்கிறது. பாறைப் பாதையில் அது உருண்டு உருண்டு தகரத்தில் இடிக்கும் சத்தம் தாங்காமல், சாரின் மனைவி பழைய யூரியா சாக்கில் அதற்கு ஒரு பை தைத்துக் கொடுத்திருக்கிறார்.